இழுபடும் குள்ள கேலக்ஸிகள்: முதலில் கழன்று போவது எது?

கேள்வி இதுதான். பால்வீதியைச் சுற்றிவரும் மங்கலான குள்ள கேலக்ஸிகளில் கரும்பொருள் (ஒளிவிடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) ஏராளம் என்கிறார்கள். அதே ஆட்கள், பால்வீதி அவற்றை இழுத்துப் பிய்த்துக்கொண்டிருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் அந்தக் கரும்பொருள் கணக்கே இந்த இழுபறியால் வந்த ஏமாற்றாக இருக்கக்கூடாதா? கூடவே ஒரு துணைக்கேள்வி: 2018-ல் கரும்பொருளே இல்லாத கேலக்ஸி ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்ததே, அதுவும் இந்த இழுப்பின் வேலைதானா?

முதலாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் சில இடங்களில் உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது. இரண்டாவதற்கு, அப்படி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. இனி விவரத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

இப்படி இழுத்துப் பிய்ப்பதை ஓதவிசை என்பார்கள், ஆனால் அப்படித் தனியாக ஒரு விசை கிடையாது. ஈர்ப்பு பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு, அந்த வித்தியாசத்துக்குத்தான் அந்தப் பெயர். நிலா பூமியின் இந்தப் பக்கக் கடலைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது, அந்தப் பக்கக் கடலைக் கொஞ்சம் குறைவாக இழுக்கிறது, அதனால் கடல் இரண்டு பக்கமும் உப்புகிறது. (ஓதம் என்றாலே பலருக்கு மழைக்காலத்தில் சுவரில் ஏறும் ஈரம்தான் நினைவுக்கு வரும். கடல் ஏறி வற்றுவதற்கும் அதே சொல்தான்.) நிலாவின் இடத்தில் பால்வீதியையும் பூமியின் இடத்தில் ஒரு குள்ள கேலக்ஸியையும் வையுங்கள். குள்ளனின் முன்பக்க விண்மீன்கள் பால்வீதியை நோக்கிக் கூடுதலாக இழுபடும், பின்பக்க விண்மீன்கள் பின்தங்கும். பூமி அடர்த்தியான உருண்டை, தன் ஈர்ப்பாலேயே தன்னை இறுகப் பிடித்திருக்கிறது, அதனால் கொஞ்சம் உப்பியதோடு தப்பித்தது. குள்ள கேலக்ஸியோ தளர்வாகச் சுற்றித் திரியும் விண்மீன்களின் கூட்டம், ஓரத்தில் இருப்பவை கழன்று போய்விடும்.

இந்த இழுப்பு தூரத்தின் கன அளவில் குறையும். பாதி தூரத்துக்கு வந்தால் எட்டு மடங்கு. ஆகவே ஒரு குள்ள கேலக்ஸி சராசரியாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை, தன் சுற்றுப்பாதையில் மையத்துக்கு எவ்வளவு கிட்டே வந்து போகிறது என்பதுதான் அதன் தலையெழுத்து. நீள்வட்டப் பாதையில் ஒரு சுற்றின் பெரும்பகுதியைத் தொலைவில் சும்மா கழித்துவிட்டு, கொஞ்ச காலம் மட்டும் மையத்தருகே வேகமாகப் பாய்ந்து போகும், அந்தச் சமயத்தில்தான் அடி விழும். கையா விண்கலம் 2018-ல் தன் இரண்டாவது தரவுத் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் இந்தக் குள்ளர்களில் பெரும்பாலானவை வானத்தில் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது உருப்படியாகத் தெரிந்தது. அதற்கு முன் பாதைகளைப் பற்றிய பேச்சில் பாதி ஊகம்தான்.

எவ்வளவு கழலும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. குள்ளனின் நிறையை, அதன் பாதைக்குள் அடங்கும் பால்வீதி நிறையின் மூன்று மடங்கால் வகுத்து, கனமூலம் எடுத்து, மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்குங்கள். கிடைப்பதுதான் பாதுகாப்பான ஆரம், அதற்கு வெளியே உள்ளது பால்வீதிக்குச் சொந்தம். இதை ஒரு உண்மையான கேலக்ஸியில் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

சிம்ம ராசிப் பக்கம் செக்வே 1 என்று ஒன்று இருக்கிறது, நம்மிடமிருந்து சுமார் 75,000 ஒளியாண்டு, பால்வீதி மையத்திலிருந்து சுமார் 90,000. 2007-ல் கண்டுபிடித்தார்கள். மொத்த வெளிச்சமே முந்நூறு சொச்சம் சூரியன்கள்தான், ஒரே ஒரு பெரிய சிவப்பு ராட்சத விண்மீன் தனியாக அதைவிட அதிகம் ஒளிவிடும். விண்மீன்களின் மொத்த நிறையைத் தாராளமாக 1,000 சூரிய நிறை என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்துக்குள் பால்வீதியின் நிறை தோராயமாக 30,000 கோடி சூரிய நிறை. கணக்குப் போட்டால் பாதுகாப்பான ஆரம் சுமார் 95 ஒளியாண்டு வருகிறது. செக்வே 1-இன் பாதி வெளிச்சம் அடங்கும் ஆரம் எவ்வளவு தெரியுமா? அதுவும் ஏறக்குறைய 95 ஒளியாண்டுதான். அதாவது கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் மட்டும்தான் அங்கே இருக்கின்றன என்றால், அவற்றில் சரிபாதி இப்போதே வேலிக்கு வெளியே நிற்கின்றன. அந்த விண்மீன்களோ 1,000 கோடி ஆண்டு வயதுக்காரர்கள், அது பல சுற்றுகள் சுற்றி முடித்திருக்கிறது. எப்போதோ கரைந்து காணாமல் போயிருக்க வேண்டும்.

சரி, விண்மீன்களின் வேகத்தை அளந்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஜோஷ் சைமன், மார்லா கெஹா குழு 2011-ல் எழுபதுக்கும் மேற்பட்ட உறுப்பு விண்மீன்களை அளந்து, வேகச் சிதறல் (விண்மீன்களின் வேகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவு, இது கூடினால் அவற்றைப் பிடித்துவைக்க அதிக நிறை வேண்டும்) விநாடிக்குச் சுமார் 3.7 கிலோமீட்டர் என்றார்கள். அதிலிருந்து, பாதி வெளிச்ச ஆரத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் சூரிய நிறை வருகிறது. இந்த நிறையைக் கைக்கணக்கில் போட்டால் வேலி எட்டு மடங்கு வெளியே, 800 ஒளியாண்டு பக்கம் தள்ளிப்போய்விடும், விண்மீன்கள் நிம்மதியாக நடுவில் கிடக்கும். ஆக, வேக அளவீடு ஒரு பக்கம், இன்னமும் அது உயிரோடு இருக்கிறது என்பது இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. செக்வே 1-இன் விண்மீன்களுக்குள் இரும்பின் அளவு பயங்கரமாக வேறுபடுகிறது. அப்படியானால் அங்கே ஒரு தலைமுறை விண்மீன் வெடித்து, சிதறிய சரக்கு வெளியே ஓடாமல் நின்று, அடுத்த தலைமுறை அதிலிருந்து பிறந்திருக்கிறது. வெறும் 1,000 சூரிய நிறையின் ஈர்ப்பால் ஒரு சூப்பர்நோவாவின் புகையைக்கூடப் பிடித்து வைக்க முடியாது.

உங்கள் சந்தேகம் புதிதல்ல, அதற்கு நல்ல வம்சாவளி உண்டு. இந்தக் கதை தொடங்குவது 1983-ல். மார்க் ஆரன்சன் என்பவர் டிராக்கோ குள்ள கேலக்ஸியில் மூன்றே மூன்று கார்பன் விண்மீன்களின் வேகத்தை அளந்து, சிதறல் விநாடிக்கு 6.5 கிலோமீட்டர், அங்கே தெரியும் விண்மீன்களின் நிறை இதற்குக் காணாது என்று எழுதினார். மூன்று விண்மீனை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பேச்சா என்று யாரும் சிரிக்கலாம், ஆனால் பின்னால் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளந்தபோது சிதறல் இன்னும் கூடி 9 பக்கம் வந்தது, மனிதர் சொன்னது சரி. (அதைப் பார்க்க அவர் இல்லை. 1987-ல் கிட் பீக் தொலைநோக்கிக் கூடத்தில் நடந்த விபத்தில் 36 வயதில் இறந்துபோனார்.)

1997-ல் பாவெல் க்ரூபா ஒரு மாற்று வழி காட்டினார். கரும்பொருளே இல்லாத ஒரு குள்ள கேலக்ஸி பிய்ந்து போய்க்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கழன்ற விண்மீன்கள் பாதை நெடுக நீண்டு கிடக்கும். நாம் தற்செயலாக அந்த நீளத்தின் வழியே, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம் என்றால், முன்னே போகிறதும் பின்னே வருகிறதும் ஒரே இடத்தில் குவிந்து தெரியும், அவற்றின் வேக வித்தியாசத்தை நாம் 'அதிக நிறை' என்று தப்பாகப் படிப்போம். நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட இதேதான். புத்திசாலித்தனமான யோசனை, முக்கியமாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய யோசனை. வயதான விண்மீன்களில் கிடைக்கிளை என்று ஒரு வகை உண்டு, அவை எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு ஒளிவிடும். கேலக்ஸி நமக்கு நேராக நீண்டு கிடந்தால் சிலது கிட்டே, சிலது எட்டத்தில் இருக்கும், ஆகவே அந்தக் கிளை தடித்துத் தெரிய வேண்டும். 2003-ல் ரால்ஃப் கிளெசன், ஏவா கிரேபல், டேனியல் ஹார்பெக் மூவரும் ஸ்லோன் வான்கணக்கெடுப்பின் தரவில் டிராக்கோவை எடுத்துப் பார்த்தார்கள். கிளை மெலிதாக இருந்தது. டிராக்கோ நீளவில்லை. அதில் குறிப்பாக அழகு என்னவென்றால், கிளெசன் அதற்கு முன் க்ரூபாவோடு சேர்ந்து அந்த மாற்று வழியை வளர்த்தவர், தன் யோசனையைத் தானே போட்டு உடைத்தார்.

இப்போது தலைப்பில் உள்ள விஷயம். கழலும்போது முதலில் கழல்வது எது? ஒரு குள்ள கேலக்ஸியில் விண்மீன்கள் நட்ட நடுவில் ஒரு சின்ன முடிச்சாக இருக்கும், அதைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு அகலமாகக் கரும்பொருள் பரந்து கிடக்கும். இதைத்தான் ஹாலோ என்கிறார்கள். பால்வீதி வெளியிலிருந்துதான் உரிக்கிறது. ஆகவே முதலில் போவது கரும்பொருள். தேங்காயின் மட்டையை உரிப்பதுபோல, உள்ளே பருப்புக்கு ஒன்றும் தெரியாது. சிமுலேஷன்களில் ஹாலோவின் நிறை பத்தில் ஒன்பது பங்கு போன பிறகும் விண்மீன்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை, அதற்குப் பிறகுதான் விண்மீன்கள் கணிசமாகக் கழல ஆரம்பிக்கும். ஒரு குள்ள கேலக்ஸிக்குப் பின்னால் விண்மீன் வால் தெரிகிறது என்றால் அது பிய்யத் தொடங்குகிறது என்று அர்த்தமில்லை, பிய்தலின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

தனுசு குள்ள கேலக்ஸிதான் இதற்குக் கண்முன் சாட்சி. 1994-ல் ரோட்ரிகோ இபாட்டா, ஜெரி கில்மோர், மைக் இர்வின் மூவரும் பால்வீதியின் நடுப்புடைப்பில் உள்ள விண்மீன்களின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒரு கூட்டம் மட்டும் சேர்ந்து வேறொரு வேகத்தில் போவதைக் கவனித்தார்கள். பால்வீதியின் மறுபக்கத்தில் ஒளிந்திருந்த முழு கேலக்ஸி அது. அதன் மையத்தில் உள்ள எம்54 என்ற விண்மீன் கொத்தை 1778-லேயே சார்ல் மெசியே பார்த்துவிட்டார், இருநூறு வருஷத்துக்கு மேல் அதைப் பால்வீதியின் சொத்து என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்தக் கேலக்ஸியிலிருந்து கழன்ற விண்மீன்கள் வானத்தை முழுசாகச் சுற்றி வளைத்துக் கிடக்கின்றன, 2003-ல் ஸ்டீவன் மஜெவ்ஸ்கி குழு அந்த ஓடையை வரைந்து காட்டியது. இப்போது மிச்சமிருக்கும் உடலின் நிறை சுமார் 40 கோடி சூரிய நிறை, அதில் 10 கோடி விண்மீன்கள் என்று 2020-ல் வாசிலியேவும் பெலோகுரோவும் கணக்கிட்டார்கள். கவனியுங்கள், கரும்பொருள் விண்மீன்களைப்போல மூன்று மடங்குதான். அதன் விண்மீன் நிறைக்கு அது பிறந்தபோது இருந்திருக்க வேண்டிய ஹாலோவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அடுத்த சில சுற்றுகளில் மிச்சமும் கரைந்துவிடும்.

இங்கே ஒரு நெளிவு இருக்கிறது, நானே இதை முதலில் படித்தபோது தலைகீழாகத்தான் புரிந்துகொண்டேன். கரும்பொருள் முதலில் போகிறது என்றால், பிய்யப் பிய்ய ஒரு கேலக்ஸியில் கரும்பொருள் விகிதம் குறைந்துகொண்டே போக வேண்டும், இல்லையா? தேங்காய் உவமை இங்கேதான் காலை வாரும். ஏனென்றால் பருப்புக்குள்ளேயும் கரும்பொருள் இருக்கிறது, அதுவும் நட்ட நடுவில்தான் மிக நெருக்கமாக. நவாரோ, ஃப்ரெங்க், வைட் மூவரும் 1996-97-ல் காட்டியபடி, குளிர்ந்த கரும்பொருளால் (மெதுவாக நகரும் துகள்கள் என்று வைத்துக்கொள்ளும் வழக்கமான வகை) ஆன ஹாலோவின் அடர்த்தி மையத்தை நோக்கிப் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும், ஊசிமுனை மாதிரி. விண்மீன்களின் பரவலோ நடுவில் தட்டையாக இருக்கும். ஆகவே முதல் கட்டத்தில் வெளி ஹாலோ போகும்போது மொத்தக் கணக்கில் கரும்பொருள் விகிதம் குறையும், ஆனால் விண்மீன்கள் கழலத் தொடங்கிய பிறகு கதை மாறிவிடும்: விண்மீன்கள் கொட்டிக்கொண்டே போகும், ஊசிமுனை அசையாது. ஹோர்ஹே பென்யாருபியா, நவாரோ, மெக்கனாக்கி 2008-ல் இதைச் சிமுலேஷனில் காட்டினார்கள். ரொம்பப் பிய்ந்துபோன குள்ளன், விண்மீன்கள் இருக்கும் பகுதியை வைத்துப் பார்த்தால், முன்பைவிடக் கரும்பொருள் மிகுந்ததாகத் தெரியும். அதே வேலையில் இன்னொன்றும் தெரிந்தது. எந்தப் பாதையில் எப்படி நிறையை இழந்தது என்பது பெரிதாகப் பொருட்டில்லை, மொத்தத்தில் எவ்வளவு இழந்தது என்பதை மட்டும் வைத்தே அளவும் வேகமும் எவ்வளவு மாறியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இதிலிருந்து ஒரு வினோதமான முடிவு வருகிறது. மையம் ஊசிமுனையாக இருந்தால் ஒரு ஹாலோவை ஓதவிசையால் முழுசாக அழிக்கவே முடியாது. எவ்வளவு உரித்தாலும் நடுவில் இன்னும் அடர்த்தியான ஒரு துண்டு மிச்சமிருக்கும், அதன் அடர்த்தி சுற்றியுள்ள பால்வீதியின் சராசரி அடர்த்தியைவிட அதிகமாக இருக்கும்வரை அது தாக்குப்பிடிக்கும். ரஃபேல் எர்ரானியும் பென்யாருபியாவும் 2020-ல் இதைச் சொன்னார்கள். ஆனால் அதுவரை வந்த சிமுலேஷன்களில் துணை ஹாலோக்கள் (பெரிய ஹாலோவுக்குள் சுற்றும் சின்ன ஹாலோக்கள்) சர்வசாதாரணமாக அழிந்துகொண்டிருந்தனவே? அதற்கு ஃப்ராங்க் வான் டென் பாஷ் குழு 2018-ல் ஒரு சங்கடமான பதில் தந்தது: அந்த அழிவுகளில் பெரும்பகுதி இயற்கையின் வேலை அல்ல, கணினியின் வேலை. கணினியில் ஹாலோவைக் கட்டப் பயன்படுத்திய துகள்களின் எண்ணிக்கை போதவில்லை, அதனால் ஹாலோக்கள் போலியாகக் கரைந்துபோயின. இந்தத் துறையில் நடந்த ஆகப் பெரிய சுயவிமர்சனம் இதுதான் என்பது என் எண்ணம், வெளியே அதிகம் பேசப்படவில்லை.

மறுபக்கம், ஹாலோவின் மையம் ஊசிமுனையாக இல்லாமல் தட்டையாக இருந்தால் விதி வேறு. உரிய உரிய மிச்சம் தளர்ந்து உப்பும், கடைசியில் ஒன்றுமில்லாமல் கலைந்துவிடும். ஆக, சாகக் கிடக்கும் குள்ள கேலக்ஸி எப்படிச் சாகிறது என்று பார்த்தால் அதன் கரும்பொருளின் மையம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பெரிய குள்ளர்களில் சூப்பர்நோவா வெடிப்புகள் வாயுவை உள்ளேயும் வெளியேயும் அலைக்கழித்து மையத்தைத் தட்டையாக்கிவிட முடியும் என்கிறார்கள், ஆகவே அங்கே தட்டையாக இருந்தாலும் கரும்பொருளின் குணத்தைப் பற்றி ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. செக்வே 1 மாதிரி விண்மீன்கள் இவ்வளவு குறைவான இடத்தில் அந்தச் சாக்குக்கு வழியில்லை. வெடித்தவையே சொற்பம். அங்கே மையம் தட்டை என்று நிரூபணமானால், கரும்பொருள் துகள்கள் தமக்குள் மோதிக்கொள்கின்றன என்பது போன்ற விளக்கங்களைத் தேடிப் போக வேண்டியதுதான். இவ்வளவு மங்கலான சமாசாரங்களுக்குப் பின்னால் இத்தனை பேர் ஏன் அலைகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

கிரேட்டர் 2 என்ற கேலக்ஸி இந்த இடத்தில்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்குகிறது. 2016-ல் கேப்ரியல் டோரியால்பா குழு கண்டுபிடித்தது, சுமார் 3.8 லட்சம் ஒளியாண்டு தூரம். இதை டிராக்கோவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் இரண்டுக்கும் லட்சக்கணக்கான சூரியன்கள் என்ற ஒரே ரகம்தான். ஆனால் டிராக்கோவின் பாதி வெளிச்சம் 700 ஒளியாண்டு ஆரத்துக்குள் அடங்குகிறது, கிரேட்டர் 2-க்கு 3,500 வேண்டும். வேகச் சிதறல் டிராக்கோவில் 9, கிரேட்டர் 2-ல் 2017-ல் நெல்சன் கால்டுவெல் குழு அளந்தபோது வெறும் 2.7. இவ்வளவு அகலமான ஒன்று இவ்வளவு மெதுவாக அசைகிறது என்றால் உள்ளே கரும்பொருள் அடர்த்தி படுகுறைவு. ஓதவிசை உரித்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாமா? வேகத்தைக் குறைக்க ஓதவிசையால் முடியும். ஆனால் ஊசிமுனை மையமாக இருந்தால், வேகத்தை அவ்வளவு குறைக்கும் அளவுக்கு உரித்தால் விண்மீன்களின் பரப்பும் சேர்ந்து சுருங்கிவிடும். கிரேட்டர் 2 சுருங்கவில்லை. 2022-ல் எர்ரானியும் மற்றவர்களும் இதை விரிவாக எழுதினார்கள், வழக்கமான குளிர்ந்த கரும்பொருள் படத்துக்குள் இதை அடக்குவது கடினம் என்று. மையம் தட்டை என்று வைத்துக்கொண்டால் எளிதாக அடங்குகிறது. நேர்மையாகச் சொல்வதென்றால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கரும்பொருளே வேண்டாம், ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்கிற மோண்ட் தரப்பில் ஸ்டேசி மெக்கா, அளவீடு வருவதற்கு முன்பே கிரேட்டர் 2-க்கு 2.1 என்று கணித்து வெளியிட்டிருந்தார். நான் அந்தக் கட்சி இல்லை, ஆனாலும் முன்கூட்டிச் சொன்னதைச் சொன்னார் என்று ஒத்துக்கொள்வதில் என்ன கூச்சம்.

இதே மாதிரி இன்னொரு பூதம் ஆன்ட்லியா 2. கையா தரவிலிருந்து 2018-ல் வெளிப்பட்டது, பாதி வெளிச்ச ஆரம் 9,000 ஒளியாண்டுக்கும் மேல், அவ்வளவு பெரிதாக இருந்தும் பால்வீதித் தட்டின் தூசுக்குப் பின்னால் மங்கலாகப் பரவிக்கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. 2021-ல் அலெக்சாண்டர் ஜி குழு அதன் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வேகம் சீராக மாறுவதைக் கண்டது. அது போகும் திசையிலேயே நீண்டும் இருக்கிறது. இழுபடுகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

இப்போது 2018 செய்தி. என்.ஜி.சி. 1052-டி.எஃப்.2 என்ற அந்தக் கேலக்ஸி பால்வீதியைச் சுற்றுவது அல்ல, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பது. பீட்டர் வான் டொக்கம் குழு, கடைகளில் கிடைக்கும் கேனன் கேமரா லென்ஸ்களை அடுக்கிச் செய்த டிராகன்ஃப்ளை என்ற கருவியில் அதன் விசித்திரத்தைக் கவனித்து, பிறகு பெரிய தொலைநோக்கிகளில் அதிலுள்ள பத்து விண்மீன் கொத்துகளின் வேகத்தை அளந்தது. விண்மீன்களின் நிறைக்கு மேல் அங்கே ஒன்றும் தேவைப்படவில்லை. அடுத்த வருஷமே டி.எஃப்.4 என்று ஒரு தம்பியும் கிடைத்தது. உடனே அதன் தூரம் எவ்வளவு என்பதில் சண்டை: இக்னாசியோ ட்ருஹியோ குழு சுமார் 4 கோடி ஒளியாண்டு என்றது (அப்படியானால் விசித்திரம் பெரும்பாலும் காணாமல் போய்விடும்), வான் டொக்கம் தரப்பு ஹப்பிளில் நீண்ட நேரம் படம் எடுத்து 2021-ல் சுமார் 7 கோடி என்றது. டி.எஃப்.4-ஐ 2020-ல் மிரேயா மொன்டெஸ் குழு ஆழமாகப் படமெடுத்தபோது இரண்டு பக்கமும் விண்மீன் வால்கள் தெரிந்தன. மேலே சொன்ன வரிசையை நினைவில் வைத்துப் பாருங்கள்: விண்மீன்களே கழல ஆரம்பித்துவிட்டன என்றால் அதற்கு முன்பே ஹாலோவின் பெரும்பகுதி போயிருக்க வேண்டும். ஆகவே கரும்பொருள் இல்லை என்பதில் மர்மம் குறைகிறது. ஆனால் விண்மீன்கள் இருக்கும் நடுப்பகுதியிலேயே கரும்பொருள் இல்லாமல் போக வேண்டுமானால் மையம் தட்டையாக இருந்து, பாதையும் நேராக உள்ளே பாய்வதாக இருந்தால்தான் சுலபம், ஊசிமுனையாக இருந்தால் கஷ்டம். வான் டொக்கம் இதை ஏற்கவில்லை. இரண்டு குள்ளர்கள் அதிவேகத்தில் மோதி, வாயு மட்டும் நின்று கரும்பொருள் நேராகப் போய்விட்டது, நின்ற வாயுவிலிருந்து ஒரு வரிசையாக இந்தக் கேலக்ஸிகள் பிறந்தன என்பது 2022-ல் அவர் குழு வைத்த வாதம். எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை.

உங்கள் சந்தேகம் எங்கே நியாயம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். மிக மங்கலான கேலக்ஸிகளில் அளக்கக் கிடைக்கும் விண்மீன்கள் பத்துப் பன்னிரண்டுதான், அதில் ஒன்று இரட்டை விண்மீனாக இருந்து தன் ஜோடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தச் சுழற்சி வேகமும் சிதறல் கணக்கில் சேர்ந்துவிடும். ட்ரையாங்குலம் 2 என்ற கேலக்ஸிக்கு 2015-ல் எவன் கிர்பி குழு, கரும்பொருள் விகிதத்தில் இதுதான் முதலிடம் என்பதுபோல ஒரு அளவு கொடுத்தது. ரெண்டு வருஷம் கழித்து அதே குழு திரும்ப அளந்தபோது ஒரு விண்மீன் இரட்டை என்று தெரிந்தது, அதைக் கழித்ததும் சிதறலே இல்லை, உச்சவரம்பு மட்டும்தான் மிஞ்சியது. இதில் ஓதவிசைக்குப் பங்கே இல்லை பாருங்கள். ஏமாற்று என்றாலே பால்வீதியைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றில்லை.

இரண்டு சந்தேகமும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் சப்தரிஷி மண்டலப் பக்கம் 2023-ல் கிடைத்த அர்சா மேஜர் 3 என்ற துணுக்கு, யூனியன்ஸ் 1 என்றும் அதற்குப் பெயர். சுமார் 33,000 ஒளியாண்டு தூரத்தில் அறுபது விண்மீன் அளவுக்குத்தான் இருக்கிறது, மொத்த நிறை 16 சூரியன், ஆரம் 10 ஒளியாண்டு. பதினொரு விண்மீன்களை அளந்து முதலில் வேகச் சிதறல் 3.7 என்றார்கள், ஒன்றை விட்டுவிட்டுப் பார்த்தால் 1.9 ஆகிறது என்றும் அவர்களே எழுதிவிட்டார்கள். கரும்பொருள் இல்லாவிட்டால் இது இன்னும் 40 கோடி ஆண்டுக்குள் கரைந்துவிடும், 1,000 கோடி ஆண்டுக்கு மேல் வாழ்ந்த ஒன்றைச் சாகும் தறுவாயில் சரியாக நாம் பிடித்தோமா என்ற கேள்வி எர்ரானி குழுவை உறுத்தியது. அப்புறம் 2025-ல் இரண்டு அடி விழுந்தது. வில்லியம் செர்னி குழு திரும்ப அளந்து, கரும்பொருளுக்கு ஆதாரம் எதுவும் நிற்கவில்லை, விண்மீன்களின் உலோக அளவிலும் (இரும்பு போன்றவை) கேலக்ஸிக்குரிய வேறுபாடு தென்படவில்லை என்றது. இன்னொரு குழு, செத்த விண்மீன்களின் கருந்துளைகளும் நியூட்ரான் விண்மீன்களும் நடுவில் கூடியிருந்தால் வெறும் விண்மீன் கொத்தாகவே அது இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று சிமுலேஷனில் காட்டியது. உங்கள் கேள்வி டிராக்கோவிடம் தோற்றுவிட்டது, செக்வே 1-இடமும் தோற்றுவிட்டது. இந்த 16 சூரியன் துணுக்கிடம் அதுதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.